கறுப்பு மையிலிருந்து நீர்வண்ணத்துக்கு

கறுப்பு மையால் வெள்ளைத் தாளில் வரையும் ஓவியரிடம் இருப்பவை இரண்டே: மையின் கறுப்பு, தாளின் வெள்ளை. இடையில் தெரியும் சாம்பல் எல்லாம் பார்ப்பவர் கண்ணில் உண்டாவது. நெருக்கமாக இழுத்த கோடுகள் இருட்டாகவும், விலகி நிற்கும் கோடுகள் வெளிச்சமாகவும் தெரிகின்றன. ஒரு திசையில் போட்ட கோடுகளின் மேல் குறுக்கே இன்னொரு வரிசை போட்டால் நிழல் ஒரு படி கூடும். மூன்றாவது வரிசை போட்டால் இன்னும் ஒரு படி. புள்ளி வைத்தும் இதையே செய்யலாம். வாட்டர் கலர் எனப்படும் நீர்வண்ணத்திலோ அந்தச் சாம்பல் நிஜமாகவே தாளில் இருக்கிறது. தண்ணீர் கூடினால் வெளிறும், குறைந்தால் அடர்ந்து நிற்கும். கோட்டோவியத்திலிருந்து நீர்வண்ணத்துக்குப் போகிறவர் முதலில் கடக்க வேண்டிய மாற்றம் இதுதான். நிறம் இதற்குப் பிறகு வருவது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் நாளே பன்னிரண்டு வண்ணப் பெட்டியைத் திறந்துகொள்வதால்தான், அருமையாகக் கோடு போடத் தெரிந்தவர்களின் முதல் வண்ணப் படங்கள்கூடக் கலங்கிப் போகின்றன.

கோட்டோவியம் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான கலை. பல தலைமுறைகள் அதைக் கதைப் பத்திரிகைகளில் பார்த்தே வளர்ந்தன. அதற்குக் காரணம் கலை ரசனை மட்டுமல்ல, அச்சு இயந்திரமும்தான். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில், படத்தைத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து ‘பிளாக்’ எடுப்பார்கள். லைன் பிளாக்கில் மை படும் மேடு, படாத பள்ளம் என இரண்டே நிலை. சாம்பலை அச்சிட வழியில்லை. ஹாஃப்டோன் பிளாக்கில் படத்தை நுண்ணிய புள்ளிகளாக உடைத்துச் சாம்பலைக் காட்டலாம். ஆனால் அதற்கு வழவழப்பான தாள் வேண்டும். மலிவான நியூஸ்பிரின்ட்டில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அப்பிக்கொள்ளும். ஆகவே ஓவியரே பேனாவால் சாம்பலைக் கோடாகவும் புள்ளியாகவும் உடைத்துக் கொடுத்துவிட்டார். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகச் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைப் பார்த்தால், இந்தக் கட்டுப்பாட்டுக்குள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது விளங்கும். கருங்கல்லின் திரட்சியும் ஆபரணங்களின் நுணுக்கமும் கோட்டின் அடர்த்தியிலேயே நிற்கின்றன.

இப்படிப் பழகியவர் நீர்வண்ணத்துக்குக் கொண்டுவரும் முதல் சொத்து அவருடைய கண். எது எதைவிட இருட்டு என்று தரம் பிரிக்க அது ஏற்கெனவே பழகியிருக்கிறது. வெளிச்சம் விழும் இடத்தில் ஒன்றும் செய்யாமல் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். சாயம் மெல்லிய படலமாக இருப்பதால் ஒளி அதன் வழியே உள்ளே போய், தாளில் பட்டு, மறுபடி சாயத்தின் வழியே வெளியே வருகிறது. அந்த ஓவியங்களின் துலக்கத்துக்கு அதுவே காரணம். வெள்ளைச் சாயத்தை மேலே அப்பினால் அந்தத் துலக்கம் அடைபட்டுப் போகும். எண்ணெய் வண்ணத்திலிருந்து வருகிறவர் ‘கடைசியில் வெள்ளை வைத்துக்கொள்ளலாம்’ என்ற பழக்கத்தை விட முடியாமல் திண்டாடுவார். பேனாக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை.

அவரைத் தடுப்பவை வேறு. எல்லாப் பொருளுக்கும் விளிம்பு கட்டும் பழக்கம் ஒன்று. மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சிறு சிறு கோடாக வேலை செய்யும் பழக்கம் இன்னொன்று. இவற்றைவிடப் பெரியது, நேரம் பற்றிய பழக்கம். மைப்படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இருட்டுப் போதவில்லையா, நாளைக்கும் பத்துக் கோடு சேர்க்கலாம். ஈரமான வண்ணப்பூச்சு இந்த உரிமையைத் தருவதில்லை. அது காய்வதற்குள் முடிக்க வேண்டியவை உண்டு. காய்ந்த பிறகே தொட வேண்டியவையும் உண்டு.

தாள், மை, தூரிகை

பேனாவுக்கு ஏற்ற தாள் வழவழப்பானது, நிப் சிக்காமல் ஓடக்கூடியது. அதே தாளில் தண்ணீர் வைத்தால் சுருண்டு மேடுபள்ளமாகிவிடும். சாயம் பள்ளங்களில் தேங்கும். சாதாரண டிராயிங் தாள் தண்ணீரை உடனே குடித்துவிடுவதால், தூரிகை போன தடமெல்லாம் வரிவரியாக நிற்கும். தொடங்குகிறவர்கள் இதைத் தங்கள் கைக்குற்றம் என்று எண்ணி மனம் சோர்வது வழக்கம். பாதி நேரம் குற்றம் தாளுடையதுதான். நீர்வண்ணத் தாளில் ஜெலட்டின் போன்ற பசை ஏற்றப்பட்டிருப்பதால் தண்ணீர் சற்று நேரம் மேலேயே நிற்கிறது. அந்தச் சற்று நேரத்தில்தான் வேலை நடக்கிறது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள், அதாவது கடையில் 300 ஜிஎஸ்எம் என்று கேட்டு வாங்குவது, பொதுவான வேலைக்குப் போதும். பருத்தி நாரில் செய்தது மரக்கூழில் செய்ததைவிட நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். பிரான்சில் 1492இல் தொடங்கிய ஆர்ச் ஆலையின் பெயரைத் தாங்கிய தாள் இன்றும் பலருக்கு அளவுகோலாக இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்திலும் கையால் தாள் செய்கிறார்கள். சாயத்தில் சிக்கனம் பிடித்தாலும் தாளில் பிடிக்கக் கூடாது என்று பயிற்றுநர்கள் சொல்வது அனுபவத்தில் சொல்வது.

தாளின் மேற்பரப்பு மூன்று வகை: சூடான உருளையில் அழுத்திய வழவழப்பான ‘ஹாட் பிரஸ்’, நடுத்தரச் சொரசொரப்புள்ள ‘கோல்டு பிரஸ்’, நன்றாகக் கரடுமுரடான ‘ரஃப்’. பேனாக் கோடும் வண்ணமும் சேர்ந்து வரப்போகும் படத்துக்கு முதலாவது வசதி. கோட்டை விட்டு விலக நினைக்கிறவருக்கு இரண்டாவதே நல்லது. அதன் மேடுகளில் நிப் தடுக்கும். அந்த எரிச்சலே தூரிகையை எடுக்க வைக்கும்.

மையில் ஒரு பரிசோதனை அவசியம். இந்தியன் இங்க் என்று விற்பது கரிப்புகையும் அரக்குப் பசையும் சேர்ந்தது. காய்ந்த பிறகு அதன் மேல் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் கலங்காது. அதே அரக்குதான் ஃபவுண்டன் பேனாவுக்குள் காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் அதைத் தொட்டு எழுதும் நிப்பிலும் தூரிகையிலும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஃபவுண்டன் பேனா மைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் கரையும் சாயங்கள். ஈரத் தூரிகை பட்டதும் கோடு கரைந்து வண்ணத்தை அழுக்காக்கும். மெல்லிய முனைப் பேனாக்களில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்தாலும், வண்ணம் தீட்டப்போகும் அதே தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, நன்றாகக் காயவிட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

தூரிகை விஷயத்தில் பேனாக்காரர் தவறாமல் செய்வது, இருப்பதிலேயே மெல்லியதை வாங்குவது. அது பேனாவைப் போலக் கையில் நிற்கும். பேனாவைப் போலவே கோடும் போடும். தேவைப்படுவது 8 அல்லது 10ஆம் எண் உருண்டைத் தூரிகை. நல்ல தூரிகை வயிறு நிறையத் தண்ணீர் பிடித்தாலும் ஈரத்தில் கூர்முனை கொள்ளும். அகலமான பூச்சும் மயிரிழைக் கோடும் அதே ஒன்றிலேயே வரும். கொலின்ஸ்கி எனப்படும் சைபீரிய மரநாய் வகையின் வால்முடியில் செய்தவை பெயர்பெற்றவை, விலையும் மிக அதிகம். இன்றைய செயற்கை இழைத் தூரிகைகள் கற்றுக்கொள்பவருக்குத் தாராளமாகப் போதும்.

வண்ணம் என்பது நிறப்பொடியும் பிசினும் சேர்ந்தது. அந்தப் பிசின் சூடான் முதலிய ஆப்பிரிக்க நாடுகளின் அகேசியா மரங்களில் வடிவது. நம்மூர்க் கருவேல மரத்துக்கு உறவானது. தண்ணீர் ஆவியான பின் பிசின்தான் நிறத்தைத் தாளோடு பிடித்து வைக்கிறது. மறுபடி தண்ணீர் பட்டால் அது இளகும். இந்தியன் இங்க்குக்கும் நீர்வண்ணத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கே இருக்கிறது. காய்ந்த மையின் மேல் எத்தனை முறை போனாலும் அடியில் உள்ளது அசையாது. காய்ந்த வண்ணத்தின் மேல் மூன்று முறை தூரிகையால் தேய்த்தால் அடியில் உள்ளது எழுந்துவந்து மேலே உள்ளதோடு கலந்துவிடும். ஆனால் இதில் ஒரு லாபமும் உண்டு. தவறாகப் போன இடத்தை நனைத்து, துணியால் ஒற்றி, ஓரளவு மீட்டெடுக்கலாம்.

முதலில் ஒரே சாயம்

கோட்டிலிருந்து வண்ணத்துக்குப் போகும் வழியில் ஒரு பாலம் இருக்கிறது: ஒரே சாயத்தில் தண்ணீர் கூட்டிக் குறைத்துத் தீட்டுவது. கறுப்பு, செபியா, பெய்ன்ஸ் கிரே இவற்றில் எதுவானாலும் சரி. செபியா ஒரு காலத்தில் கணவாய் மீனின் மைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. பெய்ன்ஸ் கிரே, வில்லியம் பெய்ன் (1760–1830) என்ற ஆங்கில நீர்வண்ண ஓவியர் தன் நிழல்களுக்காகக் கலந்துகொண்ட நீலச் சாம்பல்; அந்தக் கலவையில் அவுரி நீலமும் உண்டு.

பயிற்சி எளிமையானது. தாளின் வெள்ளையிலிருந்து அந்தச் சாயம் கொடுக்கக்கூடிய மிக ஆழ்ந்த இருட்டு வரை ஐந்து கட்டங்கள் தீட்ட வேண்டும். தீட்டியவர் முதலில் கண்டுபிடிப்பது, ஈரத்தில் சரியாகத் தெரிந்த அடர்த்தி காய்ந்ததும் வெளுத்துவிடுகிறது என்பதை. மை ஏறக்குறைய போட்டபடியே நிற்கும், நீர்வண்ணம் நிற்காது. கண்ணுக்குச் சற்றுக் கூடுதலாகத் தோன்றும் அளவுக்குக் கலந்தால்தான் காய்ந்த பின் கணக்குச் சரியாக வரும். இந்தத் துணிச்சல் வராததால்தான் புதியவர்களின் படங்கள் சோகை பிடித்தவை போலத் தெரிகின்றன.

அடுத்தது பூச்சு. ‘வாஷ்’ என்று ஓவியர்கள் சொல்வது இதைத்தான். பலகையைத் தலைப்பக்கம் லேசாக உயர்த்தி வைத்து, நிறையக் கலந்த சாயத்தைத் தூரிகையில் முழுதாக எடுத்து, மேல் விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரு பட்டை இழுத்தால், அதன் கீழ் ஓரத்தில் சாயநீர் திரண்டு நிற்கும். அடுத்த பட்டை அந்தத் திரட்சியைத் தொட்டுக் கீழே இழுத்துவர வேண்டும். இப்படியே அடிவரை வந்து, கடைசியில் மிஞ்சும் நீரைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சிவிட்டால், தடமே தெரியாத சமமான பரப்புக் கிடைக்கும். நடுவில் நிறுத்தக் கூடாது, போன இடத்துக்குத் திரும்பக் கூடாது. கோட்டின் மேல் கோடு போட்டுத் திருத்திப் பழகிய கைக்கு இந்த இரண்டாவது விதி படுத்தும் பாடு கொஞ்சமல்ல. ஒவ்வொரு பட்டைக்கும் சாயத்தில் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போனால் மேலே அடர்ந்து கீழே வெளிறும் பூச்சு வரும். வானத்துக்கு அதுவே அடிப்படை.

இந்தப் பாலம் பயிற்சிக்காகக் கற்பிக்கப்பட்டது மட்டுமல்ல; இங்கிலாந்தில் நீர்வண்ணக் கலையே இந்த வழியாகத்தான் வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஊர்களையும் கோட்டைகளையும் இடிபாடுகளையும் பதிவு செய்த ஓவியர்கள் முதலில் பென்சிலிலோ மையிலோ கோடு போட்டார்கள். பிறகு ஒளியையும் நிழலையும் சாம்பல் பூச்சால் முழுதாக முடித்தார்கள். கடைசியில் மேலாக மெல்லிய நிறங்களைத் தடவினார்கள். இத்தகைய படங்களுக்குச் ‘சாயமிட்ட வரைபடம்’ என்றே பெயர். நிறம் அங்கே விருந்தாளி, வீட்டுக்காரர் கோடு. 1792–93இல் தென்னிந்தியாவில் சுற்றி மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை முதலிய இடங்களை வரைந்த தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் இந்த மரபில் வந்தவர்கள். அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பின் 144 படங்கள், சாம்பல் பூச்சின் படிநிலைகளைத் தகட்டிலிருந்தே அச்சிடும் அக்வாடின்ட் முறையில் வந்து, கையால் நிறமிடப்பட்டவை.

மாற்றம் இரண்டு இளைஞர்களால் வந்தது. தாமஸ் கிர்ட்டினும் ஜே. எம். டபிள்யூ. டர்னரும் 1775இல் பிறந்தவர்கள். இருபது வயதை ஒட்டிய காலத்தில், லண்டனில் மருத்துவர் மன்ரோவின் வீட்டில் மாலை வேளைகளில் பழைய ஓவியங்களைப் பார்த்துப் படியெடுக்கும் வேலை இருவருக்கும் கிடைத்தது. கிர்ட்டின் கோடு போடுவார், டர்னர் பூச்சிடுவார். இரவுக்கு மூன்றரை ஷில்லிங் கூலி கிடைத்ததாக டர்னர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பயிற்சிக்குப் பிறகு இருவரும் அடியில் சாம்பல் போடுவதையே விட்டுவிட்டு, நிழலையும் நேராக நிறத்திலேயே வைக்கத் தொடங்கினார்கள். கிர்ட்டின் 1802இல், 27ஆம் வயதில் இறந்துபோனார். 1800இல் அவர் தீட்டிய ‘செல்சியின் வெள்ளை வீடு’ இன்று டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்திச் சாயலில் ஆறும் கரையும் மங்கிக் கிடக்க, ஒரே ஒரு சிறு வீடு பளிச்சென்று நிற்கிறது. அந்த வீடு தீட்டப்படாத தாள். கோட்டோவியர் எவரும் சட்டென்று புரிந்துகொள்ளக்கூடிய உத்தி இது.

கோடும் வண்ணமும் சேரும்போது

பலர் கோட்டை விடாமலேயே வண்ணத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அது முழுமையான ஒரு கலை வகை. பயிற்சிக் கட்டம் என்று அதைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லியாக வேண்டும்: நிழலைச் சுமக்கப்போவது யார், கோடா, பூச்சா? குறுக்குக் கோடுகளால் நிழலை முழுதாக முடித்துவிட்டு, அதன் மேல் அடர்ந்த நிறத்தையும் வைத்தால் இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். படம் கரிபடிந்ததாகத் தெரியும். கோடு நிழலைச் சுமந்தால் வண்ணம் மெல்லிய சாயமாக மட்டும் இருக்க வேண்டும். பூச்சு நிழலைச் சுமந்தால் கோடு விளிம்போடும் சில அழுத்தங்களோடும் நின்றுவிட வேண்டும், விளிம்பிலும் ஆங்காங்கே அறுந்து. வெளிச்சம் படும் பக்கத்தில் கோட்டை அறுத்துவிட்டால் வண்ணம் அந்த இடைவெளியில் மூச்சுவிடும்.

முதல் வழியில் தேர்ந்தவர் ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் ரோலண்ட்சன் (1757–1827). துள்ளும் பேனாக் கோட்டின் மேல் இளஞ்சிவப்பும் நீலமும் ஆவிபோலப் படிந்திருக்கும். இரண்டையும் இணைத்ததில் ஆர்தர் ராக்கம் (1867–1939) தனித்து நிற்கிறார். காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராக இருந்துகொண்டே பத்திரிகைகளுக்குக் கறுப்பு வெள்ளைப் படம் போட்டவர் அவர். வண்ணத்தைப் புகைப்பட முறையில் மூன்று நிறங்களாகப் பிரித்து அச்சிடும் தொழில்நுட்பம் பக்குவப்பட்ட வேளையில், 1905இல், ‘ரிப் வான் விங்கிள்’ கதைக்கு 51 வண்ணப் படங்களோடு வெளிப்பட்டார். பழந்தாள் நிறத்தில் ஒரு மங்கலான அடிப்பூச்சு, அதன் மேல் அடுக்கடுக்காகக் கண்ணாடித்தனமான நிறங்கள், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும் பேனாக் கோடு என்பது அவர் பாணி. அன்றைய வண்ண அச்சில் மென்மையான நிறங்கள் குழைந்து போவது வழக்கம். ராக்கமின் மரவேர்களும் குள்ளப்பூதங்களும் குழையாமல் தப்பியதற்கு அந்தக் கறுப்புக் கோடே காரணம். வண்ணத்துக்குப் போனபோது தன் பழைய திறமையைத் தூக்கி எறியாதவருக்குக் கிடைத்த பலன் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

வரிசையையும் மாற்றிப் பார்க்கலாம். கோட்டை முதலில் போட்டால் பூச்சு அந்த வேலிக்குள் அடங்கியே நடக்கும், குழந்தைகளின் வண்ணமிடும் புத்தகம்போல் ஆகிவிடும் ஆபத்து உண்டு. வண்ணத்தை முதலில் தளர்வாக வைத்து, காய்ந்த பின் தேவையான இடத்தில் மட்டும் பேனாவைத் தொட்டால், கோடு மிகக் குறைவாகவே தேவைப்படுவது தெரியவரும்.

நிறங்கள்

நிறத்தில் பேனாக்காரரைக் குழப்புவது, ஒவ்வொரு நிறத்துக்கும் தனக்கென ஓர் இருட்டளவு இருப்பது. மஞ்சளை எவ்வளவு அடர்த்தியாக வைத்தாலும் அது வெளிச்சமாகவே நிற்கும். அல்ட்ராமரீன் நீலமும் ஊதாவும் அடர்ந்தால் ஏறக்குறையக் கறுப்பு. ஆகவே மஞ்சள் சுவரின் நிழலுக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள் என்ற கணக்கு உதவாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நிறம் பின்வாங்கி இருட்டளவு மட்டும் தெரியும் என்பது பழைய உபாயம். இப்போது கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பதும் அதே வேலையைச் செய்கிறது. தீட்டிய படத்தை அப்படி மாற்றிப் பார்க்கும்போது எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், கோளாறு நிறத்தில் இல்லை.

ஒரே சாயத்திலிருந்து அடுத்த படி இரண்டு சாயங்கள். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா எனும் சுட்ட செம்மண் பழுப்பும் சேர்ந்தால் அழகான சாம்பல் கிடைக்கும். நீலம் மிகுந்தால் குளிர்ந்த சாம்பல், பழுப்பு மிகுந்தால் வெதுவெதுப்பான சாம்பல், இரண்டும் அடர்ந்து சமமானால் கறுப்பை ஒட்டிய இருட்டு. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தெருவையே தீட்டிவிடலாம். கறுப்பு வெள்ளைக்காரருக்கு ‘நிழலுக்கும் நிறம் உண்டு’ என்பதை இதைவிட எளிதாகக் கற்றுக்கொடுக்கும் கலவை வேறில்லை. பிற்பகல் வெயிலில் சுண்ணாம்பு அடித்த சுவரில் விழும் நிழலைக் கவனித்தால், மேல்பகுதியில் வானத்தின் நீலமும் தரையை ஒட்டிய இடத்தில் மண்ணிலிருந்து எதிரொளித்த செம்மையும் தெரியும். மைக்கோட்டில் அந்த இரண்டும் ஒரே சாம்பல்.

பிறகு ஒரு மஞ்சளும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் தொடக்கப் பெட்டி நிறைந்துவிடும். எந்தக் கலவையிலும் இரண்டு சாயத்துக்கு மேல் சேர்ப்பதைக் குறைத்துக்கொள்வது நல்லது. மூன்று, நான்கு சேரும்போது ஒன்றின் துலக்கத்தை ஒன்று தின்று சேறாகிவிடும். பெட்டியில் வரும் ஆயத்தப் பச்சை பற்றி ஓர் எச்சரிக்கை: வேப்பிலைக்கும் வாழையிலைக்கும் புளிய இலைக்கும் ஒரே பச்சையை வைத்தால் மூன்றும் பிளாஸ்டிக் ஆகிவிடும். மஞ்சளும் நீலமும் கலந்து, துளி சியன்னா சேர்த்தால் மரத்துக்கு மரம் பச்சை மாறும்.

நீரின் நேரம்

தாளில் ஈரம் பல நிலைகளைக் கடந்து காய்கிறது. முதலில் நீர் தேங்கி வழியும். பிறகு பரப்பெங்கும் ஒரே சீரான பளபளப்பு. அது மங்கி, தாள் வெறும் ஈரமாக நிற்கும் நேரம். கடைசியில் முழுக் காய்ச்சல். பளபளப்பு இருக்கும்போது இன்னொரு நிறத்தைத் தொட்டு வைத்தால் அது மென்மையாகப் பரவும். மேகமும் தூரத்து மலையும் இப்படித்தான் பிறக்கின்றன. பளபளப்பு மங்கிய பிறகு நீர் மிகுந்த தூரிகை பட்டால், புதிய நீர் பாதி காய்ந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கும். காலிஃபிளவர் என்று ஓவியர்கள் அலுத்துக்கொள்ளும் திட்டு இதுவே. முழுக்கக் காய்ந்த தாளில் வைத்த பூச்சுக்குக் கூரான விளிம்பு வரும். விளிம்பு முதலில் காய்வதால் நடுவிலிருந்து நீர் அங்கே ஓடிவந்து நிறப்பொடியைச் சேர்த்துவிடுகிறது; அதனால் ஓரத்தில் மெல்லிய இருண்ட கோடு தானாகவே விழும். பேனா இல்லாமலே கிடைக்கும் கோடு.

ஆங்கிலப் பாடநூல்கள் சொல்லும் கால அளவுகள் குளிர்ந்த ஊர்களுக்கானவை. சித்திரை வெயிலில் திறந்த வெளியில் பூச்சு பாதி தாளைக் கடப்பதற்குள் மேல்பாதி காய்ந்துவிடும். தாளை இரண்டு பக்கமும் நனைத்துக்கொள்வது, மின்விசிறியை நிறுத்துவது, காலையிலேயே வேலையை முடிப்பது ஆகியவை உதவும். ஐப்பசி மழையில் நிலைமை நேரெதிர்; காத்திருப்பே பெரிய வேலையாகும்.

கோட்டை விடுவது

கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்குப் போனவர்களில் நன்றாகப் பதிவான கதை பால் க்ளேயுடையது. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகருக்கு அருகே 1879இல் பிறந்த அவர், முப்பது வயதைக் கடந்த பிறகும் முக்கியமாகக் கோட்டோவியராகவும் செதுக்கு அச்சுக் கலைஞராகவுமே இருந்தார். வோல்தேரின் ‘கேண்டிட்’ கதைக்கு 1911–12இல் அவர் வரைந்த நடுங்கும் பேனாக் கோட்டு உருவங்கள் அந்தக் காலத்தவை. நிறம் தனக்குப் பிடிபடவில்லை என்ற ஏக்கம் அவரிடம் நெடுநாள் இருந்தது. அதனால் அவர் செய்தது கவனிக்கத்தக்கது: கறுப்பு நீர்வண்ணத்தை மிக மெல்லியதாகக் கரைத்து, ஒரு படலம் காய்ந்த பின் இன்னொன்று என அடுக்கி, வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை படிகளை அளந்து பழகினார். ஆங்கிலேயரின் சாம்பல் பூச்சுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

1914 ஏப்ரலில் ஆகுஸ்ட் மாக்கே, லூயி மொய்யே என்ற ஓவிய நண்பர்களோடு துனீசியாவுக்குப் போனார். துனிஸ், ஹம்மாமெத், கைருவான் ஆகிய ஊர்களில் சேர்த்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வெள்ளைக் குவிமாடங்களும் மணலும் தோட்டங்களும் அவர் தாளில் விளிம்புக் கோடுகளைத் துறந்து, ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நிறச் சதுரங்களாக மாறின. கைருவானில் எழுதிய நாட்குறிப்பில், நிறம் தன்னைப் பற்றிக்கொண்டுவிட்டது, இனி அதைத் துரத்த வேண்டியதில்லை, தான் ஓர் ஓவியன் என்ற பொருளில் குறித்திருக்கிறார். இதை ஒரே நாளில் நிகழ்ந்த அற்புதமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தக் கறுப்புப் பூச்சு ஆண்டுகளைக் கழித்துவிட்டுச் சொல்லும் கதை அது. அவர் கோட்டையும் கடைசிவரை கைவிடவில்லை. பின்னாளைய பல படங்களில் நிறப்பூச்சின் மேல் கோடு தனியே நடக்கிறது.

கோட்டை விடப் பழகுகிறவருக்கு உதவுவது, பொருளை வரைவதை விட்டு வடிவத்தைத் தீட்டுவது. மரத்தடியில் நிற்கும் மாட்டின் நிழல்பக்கமும் மரத்தின் நிழலும் ஒரே இருட்டாக இருந்தால், அவற்றை ஒரே பூச்சாக வைத்துவிடலாம். மாடு எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க வேண்டியதில்லை. வெளிச்சப் பக்கத்து விளிம்பு கூராக இருந்தாலே பார்ப்பவர் மீதியை நிரப்பிக்கொள்வார். பெரிய பூச்சுகள் முதலில், நடுத்தர இருட்டுகள் அடுத்து, மிக ஆழ்ந்த சிறு இருட்டுகள் கடைசியில் என்பது பொதுவான வரிசை. பேனாவால் வரைகிறவர் கறுப்பிலிருந்தே தொடங்கலாம். இங்கே கறுப்பு கடைசியாகத்தான் வரும்.

படம் முடிந்த பிறகும் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. கரி மையில் போட்ட கோடு வெளிச்சத்தில் மங்குவதில்லை. நீர்வண்ணங்களில் பல மங்கும். இங்கிலாந்தில் ரஸ்ஸலும் ஆப்னியும் நீர்வண்ணங்கள்மீது ஒளி செய்யும் வேலையை ஆராய்ந்து 1888இல் அறிக்கை கொடுத்த பிறகே இதைப் பற்றிய பேச்சு முறைப்பட்டது. அலிசரின் கிரிம்சன் போன்ற சில சிவப்புகள் எளிதில் வெளுப்பவை. அல்ட்ராமரீனும் மண் நிறங்களும் நீடிப்பவை. நல்ல நிறுவனங்கள் குழாயின் மேலேயே ஒளி தாங்கும் தரத்தை அச்சிடுகின்றன. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்க வேண்டும். ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் தன்னிடமிருந்த டர்னர் நீர்வண்ணங்கள் 38ஐ ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்கு எழுதிவைத்தபோது, வெளிச்சம் மிகக் குறைந்த ஜனவரி மாதத்தில் மட்டுமே அவற்றைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். எடின்பரோவில் ஜனவரிதோறும் அவற்றைக் காட்டும் வழக்கம் நெடுங்காலமாகத் தொடர்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்களில் சன்னலுக்கு எதிர்ச் சுவரைத் தவிர்த்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அட்டைச் சட்டம் வைத்து மாட்டுவது போதுமான பாதுகாப்பு.